ஒரு சோடிச் சப்பாத்தும் ஒரு பச்சைச் சால்வையும்: மொன்றியல் கண்ட ஈரானியச் சினிமா

1997ஆம் ஆண்டு கோடை முடிகிற வேளையில், மொன்றியல் உலகத் திரைப்பட விழாவின் தலையாய பரிசை ஒரு சோடிச் சப்பாத்தின் கதை வென்றது. மஜீத் மஜீதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்'. தெஹ்ரானின் ஏழை ஒழுங்கை ஒன்றில் வாழும் சிறுவன் அலி, தைக்கக் கொடுத்து வாங்கிய தங்கையின் சப்பாத்தை வழியில் தொலைத்துவிடுகிறான். வீட்டு வாடகையே கொடுக்க முடியாமல் நிற்கும் தகப்பனிடம் சொல்லப் பயம். அதனால் காலையில் தங்கை ஸஹ்ரா அண்ணனின் சப்பாத்தோடு பள்ளிக்கூடம் போகிறாள். பள்ளி விட்டதும் ஓடோடி வந்து ஒழுங்கை மூலையில் கழற்றிக் கொடுக்க, அவன் அதை மாட்டிக்கொண்டு தன் வகுப்புக்கு ஓடுகிறான். ஓட்டப்போட்டி ஒன்றில் மூன்றாம் பரிசு ஒரு சோடிச் சப்பாத்து. மூன்றாவதாக வரவேண்டும் என்று ஓடியவன் முதலாவதாக வந்துவிட்டு, தோற்றவனைப் போலத் தலைகுனிந்து நிற்கிறான்.

அவ்வளவுதான் கதை. வில்லன் இல்லை, பாட்டு இல்லை, சண்டை இல்லை. தமிழ்க் கடைகளில் வாடகைக்கு எடுத்த வீடியோ கசற்றுக்களோடு பனிக்காலங்களைக் கழித்த எமக்கு, இப்படியும் ஒரு படம் இருக்க முடியுமா என்பது முதல் வியப்பு. அடுத்த வியப்பு, அது ஈரானிலிருந்து வந்திருந்தது. எரியும் கொடிகளும், முட்டியை உயர்த்திய கூட்டமும், தாடியும் தலைப்பாகையுமாகவே தொலைக்காட்சி எமக்குக் காட்டிய நாடு அது. தணிக்கையும் சிறையும் நிறைந்த அந்த நாட்டிலிருந்து இத்தனை மென்மையான படம் எப்படி வந்தது? அந்த மென்மையை நாம் நம்பலாமா? இந்த இரண்டு கேள்விகளையும் ஈரானிய அகதிகள் எமக்கு முன்பே கேட்டுச் சண்டையிட்டிருக்கிறார்கள். அவர்களின் சண்டையில் எமக்கும் ஒரு பாடம் உண்டு என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஈரானியச் சினிமா எமக்கு முற்றிலும் அந்நியமல்ல. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் பம்பாய் இம்பீரியல் நிறுவனத்தின் அர்தெஷிர் இரானி. முதல் பாரசீகப் பேசும்படமான 'லோர் பெண்' 1933இல் வெளிவந்தது. அதுவும் அதே அர்தெஷிர் இரானியின் அதே நிறுவனத்தில், அப்துல் ஹுசைன் செபந்தா என்ற பாரசீக எழுத்தாளரின் கூட்டோடு உருவானது. தமிழும் பாரசீகமும் திரையில் வாய்திறந்தது ஒரே முற்றத்தில்தான். பிறகும் பல ஆண்டுகள் இரண்டும் ஒரே வழியில்தான் நடந்தன. பாட்டு, நடனம், ஏழைக் கதாநாயகன், பணக்காரப் பெண், இறுதியில் திருமணம் என்ற சனரஞ்சகப் படங்களை ஈரானிய விமர்சகர்கள் 'பில்ம்பார்சி' என்று கேலியாக அழைத்தார்கள். இந்தியப் படங்களும் எகிப்தியப் படங்களுமே அவற்றுக்கு முன்மாதிரி.

பாதை பிரிந்த இடம் 1960கள். கவிஞர் பரூக் பரக்ஸாத், தப்ரீஸ் நகரத் தொழுநோயாளர் இல்லத்தில் 'வீடு கறுப்பு' என்ற குறும்படத்தை எடுத்தார். 1969இல் தாரியுஷ் மெஹ்ர்ஜூயி 'பசு' என்ற படத்தை எடுத்தார். தன் ஒரே பசு இறந்துபோன துயரில் தானே பசுவாகிவிடும் கிராமத்து மனிதனின் கதை. அரசுப் பணத்தில் எடுக்கப்பட்ட அப்படத்தையே ஷாவின் அரசு முடக்கி வைத்தது. நாட்டின் வறுமை வெளியே தெரிந்துவிடும் என்ற பயம். 1971இல் அது கள்ளமாக வெனிஸ் விழாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. ஈரானியத் தணிக்கை முல்லாக்களோடு தொடங்கியதல்ல என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு நிறுவனமும் முக்கியமானது. சிறுவரினதும் இளையோரினதும் அறிவு வளர்ச்சிக்கென 1965இல் தொடங்கப்பட்ட அதை எல்லோரும் 'கானூன்' என்றே அழைப்பார்கள். நூலகங்கள் அமைப்பதும் சிறுவர் நூல்கள் வெளியிடுவதும் அதன் வேலை. சில ஆண்டுகளில் அங்கே ஒரு திரைப்படப் பிரிவும் தோன்றியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் அப்பாஸ் கியரோஸ்தாமி. அவரது முதற் படமான 'ரொட்டியும் ஒழுங்கையும்' 1970இல் வந்தது. ரொட்டியோடு வீடு திரும்பும் சிறுவனை ஒழுங்கையில் ஒரு நாய் மறிக்கிறது. அதை அவன் எப்படிக் கடக்கிறான் என்பதே படம், சுமார் பத்து நிமிடம். சந்தையை நம்பாத, வசூலைக் கேட்காத ஒரு நிறுவனம் கிடைத்ததால்தான் அப்படியொரு படம் சாத்தியமாயிற்று.

பிறகு வந்தது நெருப்பு. 1978 ஓகஸ்ட் 19ந் திகதி, அபதான் நகரின் ரெக்ஸ் திரையரங்கு கொளுத்தப்பட்டது. குறைந்தது 370 பேர் உள்ளேயே கருகினார்கள். புரட்சிக் காலத்தில் நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட திரையரங்குகள் எரிந்தன. சினிமா அழிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் கொமெய்னி, தாம் சினிமாவுக்கு எதிரியல்ல, அதன் தவறான பயன்பாட்டுக்கே எதிரி என்றார். 1983இல் பராபி சினிமா நிறுவனம் அமைக்கப்பட்டது. வெளிநாட்டுப் படங்கள் கட்டுப்படுத்தப்பட்டன, உள்ளூர்ப் படங்களுக்குக் கடனும் சலுகையும் கிடைத்தன. அதே வேளை கதைச் சுருக்கத்திலிருந்து முடிந்த படம் வரை ஒவ்வொரு படியிலும் அனுமதி தேவைப்பட்டது. பெண் தன் வீட்டுக்குள்ளும் முக்காட்டோடுதான் திரையில் தோன்ற வேண்டும். ஆணும் பெண்ணும் தொடக் கூடாது, கணவன் மனைவியாக நடித்தாலும்கூட.

இந்தச் சட்டங்களுக்குள் வீட்டையும் வீதியையும் தடையின்றிக் கடந்து போகக்கூடியது குழந்தை மட்டுந்தான். 1987இல் கியரோஸ்தாமியின் 'நண்பனின் வீடு எங்கே?' வந்தது. தவறுதலாக எடுத்துவந்த கொப்பியைத் திருப்பிக் கொடுக்க ஒரு சிறுவன் பக்கத்துக் கிராமத்துக்கு ஓடுகிறான். கொப்பி இல்லாவிட்டால் நண்பன் பள்ளியிலிருந்து துரத்தப்படுவான். பெரியவர்கள் யாருக்கும் அவன் சொல்வது காதில் விழவில்லை. அதிகாரம் என்றால் என்ன என்பதை இதைவிட எளிமையாக எப்படிச் சொல்வது? ஆனால் தணிக்கைதான் நல்ல சினிமாவை உண்டாக்கியது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கானூனின் வழி புரட்சிக்கு முன்பே வெட்டப்பட்டிருந்தது. தணிக்கை அந்த ஆற்றைத் தோற்றுவிக்கவில்லை, பல கால்வாய்களை அடைத்து ஒன்றில் மட்டும் ஓடவிட்டது. அடைபட்டவற்றில் எதெல்லாம் போயிற்று என்பதற்குக் கணக்கில்லை.

அப்படி அடைபட்டுப் பின்னர் திறந்த ஒன்றை எம்மவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும். பஹ்ராம் பைஸாயியின் 'பஷூ, சின்ன அந்நியன்'. ஈரான் - ஈராக் யுத்தம் நடந்துகொண்டிருந்த 1980களின் நடுவில், கானூனுக்காக எடுக்கப்பட்டு, யுத்தம் முடிந்த பின் 1989இல்தான் திரைக்கு வந்தது. தெற்கே குண்டுவீச்சில் குடும்பத்தை இழந்த கறுத்தச் சிறுவன் லொறி ஒன்றில் ஒளிந்து வடக்கே கீலான் வரை வந்துவிடுகிறான். அவனுக்குத் தெரிந்தது அரபு. வயலில் அவனைக் கண்டெடுக்கும் பெண்ணுக்குத் தெரிந்தது கீலக். சனங்கள் அவன் நிறத்தைப் பார்த்து முகஞ்சுளிக்கிறார்கள். விமானச் சத்தம் என்று எண்ணி அவன் நடுங்கும்போது அந்தப் பெண்ணுக்குக் காரணம் புரிவதில்லை. பொம்மர் வரும்போது பங்கருக்குள் ஓடிய பிள்ளைகளை வளர்த்த எமக்குப் புரியும். பெண்ணாக நடித்த சூசன் தஸ்லீமி பின்னர் சுவீடனில் குடியேறினார்.

இனி அகதிகளின் சண்டைக்கு வருவோம். 1990இல் லொஸ் ஏஞ்சல்ஸில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் திரைப்பட ஆவணக்காப்பகம், புரட்சிக்குப் பிந்திய பத்தாண்டு ஈரானியச் சினிமாவை ஒரு விழாவாகக் காட்டியது. ஈரானுக்கு வெளியே ஈரானியர் மிக அதிகமாக வாழும் நகரம் அது. நடிகரும் இயக்குநருமான பர்விஸ் சய்யாத் போன்ற நாடுகடந்த கலைஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். அவர்களின் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. இந்தப் படங்களை வெளியே அனுப்புவது ஆட்சியாளரின் நிறுவனங்கள். 1988இல் சிறைகளில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற ஆட்சி, குழந்தை முகங்களைக் காட்டித் தன் முகத்தைக் கழுவிக்கொள்கிறது. பார்க்கிறவன் கைதட்டிவிட்டு, ஈரான் அவ்வளவு மோசமில்லை என்று வீட்டுக்குப் போகிறான்.

மறுதரப்பின் வாதமும் வலுவானது. படம் எடுத்தவர்கள் அந்த ஆட்சியின் கீழேயே அனுமதிக்காக வாசலில் காத்திருப்பவர்கள். அவர்களின் படத்தை நாம் புறக்கணித்தால் தணிக்கையாளனின் மிச்ச வேலையை நாம் முடித்துக் கொடுத்தவர்களாவோம். நாட்டைவிட்டு வந்தவனின் நினைவில் நாடு உறைந்துவிடும். அங்கே இன்று மனிதர் எப்படிச் சிரிக்கிறார்கள், எப்படிப் பொய் சொல்கிறார்கள் என்பதை அறியப் படங்களைவிட வேறு வழியில்லை. படம் பார்க்க வந்த ஈரானியரில் பலர் எதிர்ப்பையும் மனதில் வைத்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம்.

எந்தத் தரப்பு சரி? லொஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய அந்த வழக்குக்கு மொன்றியலின் பிந்திய வரலாறு ஒரு நல்ல சாட்சி.

மொன்றியலில் ஈரானுக்கு வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது. 1971இல் இங்கே புதிய சினிமா விழாவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான கிரேக்கர் திமித்ரி எயிபிதிஸ், பின்னர் ரொறன்ரோ விழாவின் தேர்வாளராகி, கியரோஸ்தாமி தலைமுறையை வட அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்த அயராது உழைத்தவர். 1977இல் சேர்ஜ் லொசிக் தொடங்கிய உலகத் திரைப்பட விழாவோ மஜீதியின் இரண்டாம் வீடு போலாயிற்று. 1997இல் சப்பாத்துக் கதை. 1999இல் பார்வையற்ற சிறுவனின் கதையான 'கடவுளின் நிறம்'. 2001இல் 'பரான்', தெஹ்ரானில் கட்டட வேலைத்தளமொன்றில் ஆண் வேடத்தில் கூலிக்கு நிற்கும் ஆப்கான் அகதிப் பெண்ணின் கதை. அவ்வருடம் ஹங்கேரியப் படமொன்றுடன் பகிர்ந்துகொண்டாலும், மூன்று முறையும் அதே பெரும்பரிசு.

இந்தக் கைதட்டல்களுக்கு நடுவே 2003 வந்தது. ஸஹ்ரா கஸெமி ஷிராஸில் பிறந்து, 1993 முதல் கனடாவில் வாழ்ந்த மொன்றியல்காரி, புகைப்படப் பத்திரிகையாளர். அவ்வருடம் ஜூன் 23ந் திகதி தெஹ்ரானின் எவின் சிறைக்கு வெளியே, கைதிகளின் உறவினர்களைப் படமெடுத்தபோது கைதானார். ஜூலையில், காவலில் இருந்தபோதே, மண்டையில் விழுந்த அடியால் இறந்தார். உடலைக் கனடாவுக்கு அனுப்பும்படி மொன்றியலில் இருந்த மகன் கேட்டும், அவசரமாக ஷிராஸிலேயே புதைத்தார்கள். சப்பாத்துக்காக அழுத சிறுமியின் பெயரும் ஸஹ்ராதான். இந்த ஸஹ்ராவைப் பற்றிய படம் எதையும் தெஹ்ரான் எந்த விழாவுக்கும் அனுப்பப் போவதில்லை. சய்யாத் சொன்னதன் நியாயம் எமக்கு அன்றுதான் உறைத்தது.

ஆனால் கதை அங்கேயும் முடியவில்லை. 2005இல் மொன்றியல் தீவின் கோற் செயின் லூக் நூலகத்தில் கஸெமியின் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பலஸ்தீனியரைக் காட்டிய சில படங்கள் குறித்து முறைப்பாடு வந்ததும் அவை அகற்றப்பட்டன. எல்லாப் படங்களும் இருக்க வேண்டும், இல்லையேல் ஒன்றும் வேண்டாம் என்றார் மகன். எவின் சிறையையும் ஒரு நூலகத்தையும் ஒரே தராசில் வைக்கும் மடமை எமக்கில்லை. ஆயினும் எமது மனம் புண்படும் என்ற காரணத்தால் சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றும் கை எந்த நாட்டிலும் இருக்கிறது.

2009 ஓகஸ்டில் மொன்றியல் விழாவின் நடுவர் குழுத் தலைவராக வந்தார் ஜபார் பனாஹி. தங்கமீன் வாங்க ஆசைப்படும் சிறுமியின் கதையான 'வெள்ளை பலூன்' படத்தால் 1995இல் கான் விழாவில் அறிமுகமானவர். அவரும் குழந்தைகளின் ஒழுங்கையால் வந்தவர்தான். அந்த ஜூன் மாதத் தேர்தலில் மோசடி என்று ஈரானிய வீதிகளில் இலட்சக்கணக்கானோர் திரண்டு அடிபட்டிருந்தனர். அவர்களின் நிறம் பச்சை. பனாஹி பச்சைச் சால்வையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேடையேறினார், மற்ற நடுவர்களையும் போடச் செய்தார். மஜீதியைக் கொண்டாடிய அதே விழா மேடை அது. ஊர் திரும்பியவர் 2010 மார்ச்சில் கைதானார். டிசம்பரில் ஆறு வருடச் சிறையும், இருபது வருடம் படம் எடுக்கத் தடையும் விதிக்கப்பட்டன. தன் வீட்டுக்குள்ளிருந்தே அவர் எடுத்த 'இது திரைப்படம் அல்ல' 2011இல் கான் விழாவை அடைந்தது. கேக் ஒன்றுக்குள் மறைத்து வந்ததாகச் சொல்லப்பட்டது. 2022இல் மீண்டும் சிறை, 2023 பெப்ரவரியில் உண்ணாவிரதத்தின் பின் விடுதலை. 2025 மே மாதம் கான் விழாவின் தங்கப் பனையும் அவருக்கே.

2015இல் அதே மொன்றியல் விழா மஜீதியின் 'முஹம்மத்' படத்தோடு தொடங்கியது. அரசுசார்ந்த பெரும்பணத்தில், ஈரானில் அதுவரை எடுக்கப்பட்டவற்றில் மிக அதிகச் செலவில் உருவான படம். இசை எமது ஏ. ஆர். ரகுமான். ஒரு சோடிச் சப்பாத்தோடு வந்தவர் படைகளோடும் ஒட்டகங்களோடும் வந்தார், ஒரு சால்வையோடு வந்தவர் தெஹ்ரானில் கமெராவைத் தொடத் தடைவிதிக்கப்பட்டிருந்தார். 2018க்குப் பின் அந்த விழாவும் நின்றுபோயிற்று.

ஆக, விழா ஆட்சியாளரின் கண்ணாடியா, கலைஞனின் யன்னலா? இரண்டுமாகத்தான் இருந்திருக்கிறது. 1997இன் மேடையைப் புறக்கணிப்பால் மூடியிருந்தால், 2009இல் அந்தச் சால்வைக்கு மேடை இருந்திராது. அதே வேளை 2003ஐ மறந்து கைதட்டியவர்கள் படத்தின் பாதியையே பார்த்தவர்கள். படத்தைப் பார்ப்பதும் படத்துக்கு வெளியே நிற்பவளை நினைப்பதும் ஒருவரே செய்ய வேண்டிய வேலை.

இதை நாம் ஈரானியருக்குச் சொல்லவில்லை, எமக்கே சொல்லிக்கொள்கிறோம். 2017இல் ஜூட் ரட்ணத்தின் 'சொர்க்கத்தில் பேய்கள்' என்ற ஆவணப்படம் கான் விழாவில் காட்டப்பட்டது. 1983இன் கொடுமையோடு, தமிழ் இயக்கங்கள் தமிழரையே கொன்றதையும் பேசிய படம். யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவில் அதைக் காட்ட இருந்தபோது எதிர்ப்பு எழுந்தது, படம் விலக்கப்பட்டது. எதிர்த்தவர்களின் வாதம் சய்யாத்தின் வாதம்தான்: இது கொலை செய்த அரசுக்கு வசதியாகிவிடும். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் படத்தைப் பார்த்த பின் அரங்கிலேயே எழுந்து நின்று அதைச் சொல்லியிருக்கலாம். பார்க்காமலே செய்த விவாதத்தில் எவருக்கும் எதுவும் விளங்கவில்லை.

இரண்டாவது பாடம் நிறுவனம் பற்றியது. சென்ற் கத்தரின் வீதிக்கு வடக்கே, பெரி மெற்றோ நிலையத்துக்கு அருகே, கியூபெக் சினமாதெக் இருக்கிறது. 1963இல் தொடங்கிய திரைப்பட அருங்காட்சியகம். அருங்காட்சியகம் என்றால் எமக்குக் கற்சிலையும் செப்பேடும்தான் ஞாபகம் வரும். இங்கே படச்சுருள்களைக் குளிரறையில் பாதுகாக்கிறார்கள், பிறகு இருட்டில் ஓட விடுகிறார்கள். வட அமெரிக்க ஆங்கிலக் கடலுக்கு நடுவே ஒரு சிறு மொழிக்காரர், தம் நினைவு அழிந்துவிடும் என்று அஞ்சிக் கட்டிய வீடு அது. எம்மிடம் என்ன இருந்தது? யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதியையும் சீதனத்தையும் பேசிய 'பொன்மணி' 1977இல் வந்தது. அதை இயக்கியவர் சிங்களவரான தர்மசேன பத்திராஜ. எம்மவர் அதைப் பெரிதாகப் போய்ப் பார்க்கவில்லை. 1983 ஜூலையில் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது, படச்சுருள்களும் போயின. எரித்தவர்களை நாம் மறக்கவில்லை. எரியாமல் மிஞ்சியதைச் சேர்க்கத்தான் மறந்துபோனோம். ஈரானியருக்குக் கிடைத்த கானூனை ஒரு இராணியின் அரசு தொடங்கியது, எமக்கு அப்படியொரு அரசு இல்லை. ஆனால் கோயில் கட்டப் பணம் சேர்க்கத் தெரிந்த சமூகம் ஒரு குளிரறைக்குச் சேர்க்க முடியாது என்று சொல்வதை நாம் ஏற்கவில்லை.

கடைசியாக ஒன்று. 2024இல் மொன்றியலில் வாழும் மத்யூ ரன்கின் என்ற கனடியர் 'உலகப் பொதுமொழி' என்ற படத்தோடு கானுக்குப் போய்ப் பார்வையாளர் விருது பெற்றார். அவர் ஈரானியர் அல்ல, வினிப்பெக்கில் பிறந்தவர். ஆனால் அவரது படத்தில் வினிப்பெக் முழுவதும் பாரசீகம் பேசுகிறது. ரிம் ஹோர்ட்டன்ஸ் கடையின் பெயர்ப்பலகையும் பாரசீகம். பனிக்கட்டிக்குள் உறைந்த பணத்தாளை எடுக்க இரு பிள்ளைகள் அலைகிறார்கள். கியரோஸ்தாமியின் ஒழுங்கைப் பிள்ளைகளேதான், காலில் மட்டும் பனிச்சப்பாத்து.

கானூனின் ஒரு சிறு படத்தில் தொடங்கிய வழி ஐம்பது வருடத்தில் கனடாப் பனிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் படங்களை யாரோ காப்பாற்றி வைத்தார்கள், யாரோ சண்டை பிடித்துக்கொண்டாவது பார்த்தார்கள், அதனால் வேற்று மொழிக்காரன் ஒருவன் அந்த மொழியில் கனவு கண்டான். பார்க் எக்ஸ்ரென்ஷன் கடைகளின் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் கீழே எமது பிள்ளைகள் பனியை உதைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களின் சப்பாத்துக்களைப் படம் எடுக்க இன்னும் ஒருவரும் வரவில்லை.